ஆறு நிமிட நடை

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். அவற்றைச் சுற்றிச் சுற்றி ஒரு பெரியவர் நடக்கிறார். விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவி. ஓரமாக ஒரு நாற்காலி. இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஆறு நிமிட நடைப் பரிசோதனை இது.

இதன் தொடக்கம் ஓட்டம். 12 நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தை வைத்தே அவர் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று கணிக்கலாம் என 1968-இல் காட்டினார் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர். முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் ஓடவிட்டு மூச்சுக்காற்றை அளப்பதுதான் துல்லியம். ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இருக்காதே! 1976-இல் பிரிட்டனில் நுரையீரல் நோயாளிகளுக்காக ஓட்டம் நடையானது. பிறகு 12 நிமிடம் 6 ஆகக் குறைந்தது.

ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிடுவார்கள். வழக்கமாகக் கைத்தடி ஊன்றுபவர் ஊன்றியே நடக்கலாம். நிமிடத்துக்கு ஒருமுறை, "நன்றாக நடக்கிறீர்கள்" என்பது போல அளவான வார்த்தைதான் சொல்ல வேண்டும். உற்சாகம் கூடினால் தூரமும் கூடிவிடும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு அதே தாழ்வாரத்தில் மறுபடி நடை. சுமார் 30 மீட்டர், அதாவது இந்தக் கூம்பிலிருந்து அந்தக் கூம்பு வரை கூடியிருந்தாலே, முன்னேற்றம் என்று மருத்துவர் குறித்துக்கொள்வார்.