மலைச்செலவிற்கேற்ற காமிரா

பழனி மலைத்தொடரிற் செலவு மேற்கொள்ளும் நம் மாணவருட் பலர், கைக்கடக்கமான காமிராக்களுள் எது சிறந்தது என வினவுகின்றனர். எல்லார்க்கும் சிறந்ததெனத் தக்கது ஒன்றில்லை. கருதிய பயனுக்கேற்றதே சிறந்தது. ஆதலின், அதனைத் தேர்ந்து தெளியும் நெறியை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கோடைக்கானலில் 1899-இல் நிறுவப்பெற்ற வானாராய்ச்சி நிலையம், 1904 முதல் நூறாண்டிற்கு மேலாகக் கதிரவனைப் படம்பிடித்து வந்துள்ளது. அக்கருவிகள் கூரையின்கீழ் ஓரிடத்தில் நிலைத்து நிற்பன. நம் காமிராவோ நம்முடன் நடப்பது, மழையில் நனைவது, பாறையில் வீழ்வது. எனவே இதற்கு வேண்டுவன வேறு.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கோடைக்கானலில் மூடுபனியும் மழையும் அரிய விருந்தினர் அல்ல. சாதாரணக் காமிராவின் வில்லைக்குழாய் வெளியே நீண்டு சுருங்குங்கால் ஈரமும் தூசும் உட்புகும். உறுதிக் காமிராவில் வில்லை உள்ளேயே அசையுமாதலின் அவ்விடர் குறைவு. நீர்த்தடை உண்டு என விளம்பரம் கூறின், எவ்வளவு என வினவுதல் வேண்டும். ஐ.பி. குறியீட்டில் நீரைக் குறிக்கும் எண் 7 ஆயின், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது பொருள். ஆழமறியாமற் காலை விடுதல் காமிராவிற்கும் ஆகாது.

உறுதியைப் பெறுங்கால் ஒன்றை இழக்கின்றோம். உறுதிக் காமிராக்கள் பலவற்றின் ஒளியுணர் தகடு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டரே. 'ஓர் அங்குலம்' எனப்படும் தகட்டின் பரப்போ ஏறத்தாழ 116. நான்மடங்கு பரப்பு நான்மடங்கு ஒளியைக் கொள்ளும். சோலைக்காட்டின் மங்கலொளியில் இவ்வேற்றுமை படத்திற் புலனாகும்.

ஆகவே, ஊரிலும் சோலையோரத்திலும் நிதானமாகப் படமெடுப்போர் பெரிய தகடுள்ளதைக் கொண்டு, மழைக்கு உறையிட்டுக் காத்தல் நன்று. ஓடையிறங்கிச் செடி தேடும் தாவரநூல் மாணவர்க்கு உறுதிக் காமிராவே துணை. சான்றாக, 2023-இல் வெளிவந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7, நீரில் 15 மீட்டர் ஆழமும் 2.1 மீட்டர் உயர வீழ்ச்சியும் தாங்குமென வகுக்கப்பெற்றது. வில்லைக்கு ஒரு சென்டிமீட்டர் அணுக்கத்திலுள்ள பூவையும் தெளிவாகக் காட்டும். கைப்பேசி போதாதோ எனின், பலர்க்குப் போதும். ஆயின் தனிவழியில் உதவிக்கு அழைக்கவும் அதன் மின்கலமே வேண்டும் என்பதை மறத்தலாகாது.

எக்காமிராவிற்கும் பேணுதல் இன்றியமையாதது. மின்கலக் கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை சிக்கினும் நீர் கசியும், மூடுமுன் துடைக்க. குளிர்ந்த காமிராவைச் சமவெளியின் வெம்மையான ஈரக்காற்றில் உடனே வெளியெடுப்பின் வில்லையிற் பனி படியும். மூடிய பையிலேயே சிறிது நேரம் வைத்திருக்க. ஈரம் தங்கின் வில்லையிற் பூஞ்சை படருமாதலின், வீடு திரும்பியபின் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் தகும்.

பன்னீராண்டிற்கொருமுறை மலரும் நீலக்குறிஞ்சி இம்மலைகளில் 2018-இற் பூத்தது. இனி 2030-இல் எதிர்பார்க்கப்படுகின்றது. நனைந்து பழுதான காமிராவை மறுவாரம் மாற்றலாம். தவறிய அப்பூவின் படத்திற்கோ பன்னீராண்டு காத்தல் வேண்டும். விலையை நோக்குமுன் வழியை நோக்குக என்பதே நாம் கூறுவது.