பழைய காரில் 'டக் டக்' சத்தமா? என்ஜினை இறக்கும் முன்...

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடர் ஆலையும் ஓய்ந்தது. ஆனாலும் தாராபுரம், மூலனூர், காங்கேயம் பக்கம் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர இந்த வண்டிகள் இன்னும் உழைக்கின்றன. வயதான என்ஜினில் ஒருநாள் 'டக் டக்' என்று சத்தம் கிளம்பும். "பேரிங் போயிருச்சு, என்ஜினை இறக்கணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும். எல்லாச் சத்தமும் பேரிங் சத்தமல்ல.

முதல் வேலை ஆயிலைப் பார்ப்பது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். ஆயில் குறைந்தாலே டேப்பட்டும் பேரிங்கும் சத்தம் போடும்.

அடுத்த கேள்வி, சத்தம் எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே தேய்மானம் இருக்கலாம். என்ஜினின் மேல்புறம் மெலிதாக, சீராக 'டிக் டிக்' என்றால் டேப்பட். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும் என்பதால், இந்தச் சத்தமும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழனி தாண்டிக் கொடைக்கானல் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கியதுபோல் கேட்பது வேறு ரகம். பிளக் பற்றவைத்த தீ பரவுவதற்குள் மிச்ச எரிபொருள் அழுத்தத்தில் தானாக வெடிக்கிறது. காலை எடுத்தால் நின்றுவிடும். இதைத் தடுக்க 1921இல் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி, பெட்ரோலில் ஈயம் கலப்பது. காற்றை நஞ்சாக்கிய அந்தப் பெட்ரோலை இந்தியா 2000இல் கைவிட்டது. இப்போது வரும் கார்களில் நாக் சென்சார் டைமிங்கைத் தானே பின்தள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் மெக்கானிக்தான் டைமிங் பார்க்க வேண்டும். கார்பன் படிவு, தவறான பிளக், என்ஜின் அதிகம் சூடாவது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அஞ்ச வேண்டியது அடிப்பகுதியிலிருந்து வரும் கனத்த அடிக்குத்தான். என்ஜின் சூடேறி ஆயில் இளகியதும் அது கூடினால் கனெக்டிங் ராடு பேரிங் மேல் சந்தேகம் வரும். பழைய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியில் காது வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் வயரைக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. எதைக் கழற்றினால் சத்தம் குறைகிறதோ அங்கேதான் கோளாறு. உயர் மின்னழுத்தம் பாயும் வேலை என்பதால் இதை அனுபவசாலியிடமே விட வேண்டும். ஆயில் பிரஷர் கேஜை மாட்டி அளப்பதும், பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே உலோகத்துகள் மின்னுகிறதா என்று பார்ப்பதும் சந்தேகத்தை உறுதிப்படுத்தும்.

என்ஜினுக்கு வெளியே இருந்தும் சத்தம் வரலாம். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் தளர்ந்தாலும், வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்தாலும், சைலன்சர் கேஸ்கட் கசிந்தாலும் இதே குழப்பம்தான். பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் ஓட்டிப் பார்த்தால் முதல் இரண்டும் தெரிந்துவிடும்.

பழைய கார் வாங்குபவர்கள், விற்பவர் முன்கூட்டியே என்ஜினைச் சூடேற்றி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவதும் நடக்கிறது; சூடான பிறகு ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். பட்டறைக்குப் போகும்போது சத்தம் குளிரிலா சூட்டிலா, ஐடிலிலா ஏற்றத்திலா, மேலா கீழா என்று குறித்துச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தாலோ கனத்த அடி கேட்டாலோ அங்கேயே அணைத்துவிடுங்கள். அதற்குமேல் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போனால் கிராங்க் ஷாஃப்டாவது மிஞ்சும்.