பால் சங்கத் தராசுக்குக் கேபிள்: பிளக்கின் உருவத்தை நம்ப வேண்டாம்

திருப்பூர், பல்லடம், காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் பனியன் வேலைக்குச் செல்லும் குடும்பங்களிலும் ஒன்றிரண்டு கறவை மாடுகள் உண்டு. சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு அளவு, கொழுப்பு, இதர சத்து ஆகியவற்றைப் பொறுத்தே பணம் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் வசதியுள்ள சங்கங்களில் மின்னணுத் தராசும் பால் ஆய்வுக் கருவியும் இந்த எண்களை ஒரு மெல்லிய கேபிள் வழியாக அனுப்புகின்றன. அதை எலி கடித்துவிட்டால் எண்களைக் கையால் பதிய நேரிடுகிறது. கொழுப்பு 4.3 என்பது அவசரத்தில் 3.4 ஆகப் பதிவானால் நட்டம் பால் ஊற்றியவருக்கே. ஆகவே இக்கேபிளைத் தயாரிக்கும் முறையைச் சங்கப் பணியாளர்கள் அறிந்திருப்பது நல்லது.

பிளக்கை அடையாளம் காணுதல்

பல கருவிகளில் தொலைபேசிப் பிளக் போன்ற கண்ணாடி நிறப் பிளக் இருக்கும். தொலைபேசியின் கைப்பிடி வயரில் உள்ளது 4 பள்ளங்கள் கொண்டது. அகலம் சுமார் 7.7 மி.மீ. தொலைபேசி லைனுக்கு வருவது 6 பள்ளங்கள், சுமார் 9.6 மி.மீ. இதில் 2 அல்லது 4 தகடுகள் இருந்தால் ஆர்.ஜே.11 என்றும், ஆறும் இருந்தால் ஆர்.ஜே.12 என்றும் வழங்குவர். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு வருவது 8 தகடுகள், சுமார் 11.7 மி.மீ.; இது ஆர்.ஜே.45.

உருவம் ஒன்றாக இருப்பதால் உள் இணைப்பும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. தொலைபேசி லைனில் சுமார் 48 வோல்ட் உண்டு. மணி அடிக்கும்போது இன்னும் கூடும். அதைத் தராசில் செருகினால் உள்ளே இருக்கும் சில்லு கருகக்கூடும். தராசின் கேபிளை நெட்வொர்க் துளையில் செருகுவதும் கூடாது.

எந்தக் கம்பி எது?

பெரும்பாலும் மூன்று கம்பிகளே தேவை: அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, பொதுக் கம்பி (கிரவுண்டு). முதலில் கருவியின் கையேட்டைப் பார்க்கவும். பிளக்கின் கொக்கி கீழாகவும், தகடுகள் மேலாகவும், வயர் நம் பக்கமாகவும் இருக்கப் பிடித்தால் இடது ஓரத் தகடு 1ஆம் எண்.

பின்னர் புதிய வயரின் ஒரு முனையில் மட்டும் பிளக் பொருத்திக் கருவியில் செருகவும். மறுமுனைக் கம்பிகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையைப் பொதுக் கம்பியில் தொடவும். சிவப்பு முனையில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுவதே பெரும்பாலும் அனுப்பும் கம்பி. எதிலும் மைனஸ் வராமல் பிளஸ் 3 அல்லது 5 மட்டும் காட்டினால் நேரடியாக இணைக்கக்கூடாது. கருவிக்கு ஏற்ற மாற்றி தேவைப்படலாம். மின்சாரம் தரும் கம்பி இருந்தால் அதைத் தனியே இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடவும்.

கேபிள் தயாரித்தல்

கம்ப்யூட்டரின் 9 முனைத் துளையில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 பொது. ஆகவே தராசு அனுப்பும் கம்பியை 2இலும், பெறும் கம்பியை 3இலும், பொதுக் கம்பியை 5இலும் பற்றவைக்கவும். எண்கள் பிளக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதிய கம்ப்யூட்டர்களில் இத்துளை இல்லையேல் யு.எஸ்.பி. மாற்றி வாங்கவும். பிளக்கை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, பனியன் கம்பெனிகளில் நெட்வொர்க் வேலை செய்யும் இளைஞர்களிடம் இருக்கும். ஆனால் நெட்வொர்க் வயரின் வண்ண வரிசையை இங்கே பின்பற்ற வேண்டாம்.

நீளம் 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது. வயரைப் பி.வி.சி. குழாயினுள், மின்சார வயரிலிருந்து விலக்கிக் கொண்டுசென்றால் எலியும் ஈரமும் அணுகா.

சோதித்தல்

திரையில் எதுவும் வராவிட்டால் 2, 3 கம்பிகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கவும். பொருளற்ற குறிகள் வந்தால் பெரும்பாலும் வேகம் (பாட் ரேட்) பொருந்தவில்லை; கருவியில் 9600 என்றால் கம்ப்யூட்டரிலும் 9600 வைக்கவும்.

தராசின் முத்திரையை மட்டும் தொடவே கூடாது. உட்புறப் பழுதை உரிமம் பெற்றவரே பார்த்து, தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் மறுமுத்திரை பெற வேண்டும். நம் வேலை வெளிக் கேபிளோடு முடிகிறது.

கடைசியாக, முத்திரையிட்ட எடைக்கல்லைத் தராசில் வைத்து, தராசு காட்டும் எண், திரை, சீட்டு மூன்றும் ஒன்றாக உள்ளனவா என்று பால் ஊற்றுவோர் முன்னிலையில் பார்க்கவும். ஆய்வுக் கருவியின் கேபிளாயின் ஒரு மாதிரிப் பாலை வைத்து இதேபோல் ஒப்பிடவும். பால் ஊற்றுவோரும் நாள்தோறும் தராசின் எண்ணைச் சீட்டோடு ஒப்பிடும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.