இரைப்பைப் புற்று: அறுவைக்குப் பின் ஆயுளைத் தீர்மானிப்பது எது?

ஒரே அறுவை சிகிச்சைதான். ஒருவர் இருபது ஆண்டு வாழ்கிறார். இன்னொருவருக்கு இரண்டே ஆண்டில் நோய் திரும்புகிறது. ஏன்?

முதல் காரணம் ஆழம். புற்று இரைப்பையின் உட்பக்கச் சளிப்படலத்தில் முளைக்கிறது. அதையும் அடுத்த அடுக்கையும் தாண்டும் முன்பே அகற்றிவிட்டால், ஜப்பானில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். வெளியுறையைத் துளைத்துவிட்டால், புற்றுச் செல்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து பரவுகின்றன.

அடுத்தது நிணநீர் முடிச்சுகள். அகற்றிய இரைப்பையோடு வரும் கொழுப்பை நோயியல் மருத்துவர் விரலால் தடவித் தடவி, பயறளவு முடிச்சுகளைக்கூடத் தேடியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். குறைந்தது 16 முடிச்சுகளைப் பார்க்க வேண்டும். நாலைந்தோடு நிறுத்தினால் பரவிய முடிச்சு தப்பிவிடலாம். முற்றிய நோய் ஆரம்ப நிலை போலத் தோன்றும்.

வெட்டிய விளிம்பிலும் புற்றுச் செல் மிஞ்சக்கூடாது.

கத்தி மட்டும் போதுமா? 1881இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் ஒரு பெண்ணின் இரைப்பைப் புற்றை வெற்றிகரமாக அகற்றினார். அந்தப் பெண் சில மாதங்களில் நோய் திரும்பி இறந்தார். 2006இல் வெளியான பிரிட்டனின் ‘மேஜிக்’ ஆய்வில், அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்தாண்டு வாழ்ந்தனர். அறுவை மட்டும் என்றால் 23 சதவீதம்.

உடல் தேறியிருந்தால்தான் கீமோவைத் தாங்க முடியும். ஆகவே அறுவைக்கு முன்பே எடையைத் தேற்றுவதும் புகைப்பழக்கத்தை விடுவதும் சிகிச்சையின் பகுதியே. முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்குச் சிறுகச் சிறுகப் பலவேளை உணவும், வாழ்நாள் முழுக்க பி12 சத்தும் அவசியம்.