சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம்?

சென்னைக்கு அருகிலுள்ளது மதுரையா, யாழ்ப்பாணமா என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். யோசியாமலே மதுரை என்பார்கள். யாழ்ப்பாணம் கடலுக்கு அப்பால் இருப்பதும், வேறொரு ராஜ்யத்தின் கொடியின்கீழ் இருப்பதும் அவ்வாறு எண்ணச் செய்கின்றன. பூகோளப் படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தாலோ உண்மை வேறு. மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு ஆகாய மார்க்கமாய்ச் சுமார் 355 கிலோமீட்டர், அதாவது 220 மைல். மதுரைக்கு ஏறக்குறைய 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் நேர் தெற்கே இருக்கிறது. மதுரை தென்மேற்கே விலகியிருக்கிறது.

இவ்வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் செல்ல வல்லது. அக்கணக்குப்படி முக்கால் மணியில் போய்ச் சேர வேண்டும். கம்பெனியின் அட்டவணையோ ஏறத்தாழ 1 மணி 15 நிமிஷம் என்கிறது. இதில் சூது ஒன்றுமில்லை. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் கணம் முதல் மறு ஊரில் நின்று ஓயும் கணம் வரையில் உள்ள நேரமே அட்டவணையில் காணப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்குக் காத்திருப்பதும், மேலேறுவதும், வேகம் தணிந்து இறங்குவதும் அதில் அடங்கும். அந்நிய தேசப் பிரயாணமாகையால் 3 மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பது வேறு. ரயில் தாமதத்தை வைது தீர்க்கும் கனவான்கள் இதை மட்டும் எப்படிப் பொறுக்கிறார்களோ, நாம் அறியோம்.

இம்மார்க்கம் புதிதன்று. இலங்கை சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னரே, 1947 டிசம்பர் 10-ந் தேதி, ஏர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. பின்னர் நேர்ந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1983-ல் மூண்ட உள்நாட்டு யுத்தம் 2009-ல் முடிந்தது. முடிந்த பின்னும் பத்தாண்டுக் காலம் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தாயார் நோயுற்றாள் என்று செய்தி வந்தால், சென்னையிலுள்ள மகன் அவ்வூரைக் கடந்து, 640 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கட்டுநாயக்காவில் போய் இறங்கினான். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரைவழியாகத் திரும்பி வந்தான். ஒரு மணிப் பிரயாணம் ஒரு நாளாயிற்று. அந்த ஒரு நாளில் தாயாரின் முகத்தைக் காணாது போனவர்கள் எத்தனை பேரோ!

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாய்த் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் பறந்தது. மறு மார்ச்சில் கொள்ளைநோய் வந்து அதை நிறுத்தியது. நோய் தணிந்து மற்ற வழிகள் திறந்த பின்னும் இது மூடியே கிடந்தது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் விமானம் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

பிரயாணிகள் போதவில்லை என்று சொல்லி நாளை எவரேனும் இதைக் குறைக்க முன்வரலாம். நிச்சயமில்லாத விமானத்தை நம்பிக் கலியாணத்துக்கு நாள் குறிப்பவர் யார்? வியாபாரத்துக்கு வாக்குக் கொடுப்பவர் யார்? பிரயாணிகள் வந்தால் விமானம் என்பது தலைகீழ் நியாயம். 2019-ல் பலாலியில் திறக்கப்பட்ட ஓடுபாதை சிறு விமானங்களுக்கே போதுமானது. அதை நீட்டுவதும், இக்குறுகிய வழிக்கு விதிக்கும் நிலைய வரிகளைக் குறைப்பதும், லாபம் குன்றிய மாதங்களில் கம்பெனிகளுக்கு ஈடு செய்வதும் புது தில்லியும் கொழும்பும் செய்யக்கூடிய காரியங்களே. இவற்றில் வரிக் குறைப்பை முதலில் செய்யலாம். அதற்குக் கல்லும் மண்ணும் வேண்டியதில்லை, ஓர் உத்தரவு போதும்.