பக்கத்துத் தெருவுக்குப் போக லண்டன் சுத்தணுமா? ஆப்பிரிக்க இணையத்தை மாற்றிய 'நியூட்ரல்' டேட்டா சென்டர்கள்

நைரோபியில் இருக்கும் ஒருவர், அடுத்த தெருவில் இருக்கும் நண்பருக்கு மெயில் அனுப்புகிறார். இருவரும் வேறு வேறு இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள். 2000-ம் ஆண்டில் அந்த மெயில் எப்படிப் போயிருக்கும் தெரியுமா? சாட்டிலைட் ஏறி, ஐரோப்பாவோ அமெரிக்காவோ போய், மறுபடி சாட்டிலைட் வழியாகவே கென்யாவுக்குத் திரும்பியிருக்கும். இந்தச் சுற்றுப்பயணத்துக்கு டாலரில் கட்டணம் வேற!

இதைத் தவிர்க்க, கென்யாவின் இணைய நிறுவனங்கள் சேர்ந்து, உள்ளூர் டேட்டாவை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ள ஒரு எக்ஸ்சேஞ்சை 2000 நவம்பரில் தொடங்கின. இரண்டே வாரத்தில் அது மூடப்பட்டது. அப்போது ஏகபோக உரிமை வைத்திருந்த டெல்காம் கென்யா கொடுத்த புகார்தான் காரணம். நீண்ட இழுபறிக்குப் பிறகு 2002 பிப்ரவரியில்தான் எக்ஸ்சேஞ்ச் மறுபடி திறந்தது.

அது என்ன 'கேரியர் நியூட்ரல்'?

ஒரு ஊரின் பஸ் ஸ்டாண்டை ஒரு தனியார் பஸ் கம்பெனி வைத்திருக்கிறது. மற்ற கம்பெனி பஸ்கள் உள்ளே வர முடியாது. டிக்கெட் விலையை யார் முடிவு செய்வார்கள்? அதே கதைதான், ஒரே டெலிகாம் நிறுவனத்தின் இணைப்பு மட்டும் கிடைக்கும் டேட்டா சென்டரிலும்.

'நியூட்ரல்' டேட்டா சென்டர் இடம், மின்சாரம், கூலிங், பாதுகாப்பு ஆகியவற்றை வாடகைக்குத் தருகிறது. எந்த நெட்வொர்க்கும் உள்ளே கேபிள் இழுக்கலாம். உங்கள் சர்வருக்கு யாருடைய இணைப்பு வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஒருவர் விலையை ஏற்றினால், அதே கட்டடத்தில் இன்னொருவரிடம் மாறிக்கொள்ளலாம்.

நைரோபியில் 2013-ல் வந்த ஈஸ்ட் ஆப்பிரிக்கா டேட்டா சென்டர் இந்த வகைதான். கட்டியது லிக்விட் டெலிகாம் குழுமம். ஆனாலும் போட்டி நிறுவனங்களுக்கும் உள்ளே இடம் உண்டு. ஓனர் யார் என்பதைவிட, கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கு என்பதுதான் இங்கே முக்கியம்.

என்ன மாறியது?

பல நெட்வொர்க்குகள் ஒரே இடத்தில் கிடைத்தால், பெரிய வீடியோ, சமூக வலைதள நிறுவனங்களும் தங்கள் பிரதிகளை அங்கேயே வைக்கும். இன்டர்நெட் சொசைட்டியின் 2020 அறிக்கைப்படி, கென்யாவில் உள்நாட்டிலேயே கிடைக்கும் டிராஃபிக் 2012-ல் சுமார் 30 சதவீதம். 2020-ல் 70 சதவீதம். எக்ஸ்சேஞ்சால் மட்டும் ஆண்டுக்கு சுமார் 60 லட்சம் டாலர் மிச்சம்.

முதலீட்டாளர்களும் இதைக் கவனித்தார்கள். 2022-ல் நைஜீரியாவின் மெயின்ஒன் நிறுவனத்தை 32 கோடி டாலருக்கு எக்வினிக்ஸ் வாங்கியது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டெராகோவில் பெரும்பான்மைப் பங்கை டிஜிட்டல் ரியால்ட்டி வாங்கியது.

கேபிள் அறுந்தால்?

2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கடலில் நான்கு கேபிள்கள் ஒரே நேரத்தில் பழுதாகி, கானா, நைஜீரியா உட்படப் பல நாடுகளில் வங்கிச் சேவைகள் வரை தடுமாறின. சர்வரும் வாடிக்கையாளரும் ஒரே நாட்டில் இருந்து, டேட்டாவும் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் வழியே போனால், அந்தப் பயணத்துக்குக் கடல் கேபிளே தேவையில்லை. ஆனால் லாகின், பேமென்ட் போன்ற ஏதாவது ஒரு பகுதி வெளிநாட்டு சர்வரை நம்பியிருந்தால், அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

உங்க ஸ்டார்ட்அப்புக்கு இடம் தேடுறீங்களா?

வாடகை ரேட்டுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: இந்தக் கட்டடத்தில் எத்தனை நெட்வொர்க் இருக்கு? எக்ஸ்சேஞ்ச் உள்ளேயே இருக்கா? நெட்வொர்க் மாறணும்னா என்ன செலவு? முதல் கேள்விக்கு 'ஒண்ணுதான்' என்று பதில் வந்தால், அடுத்த கட்டடத்தையும் ஒருமுறை பார்த்துட்டு வந்துடுங்க.