இரத்தக் குறைபாடுகளும் பிற உறுப்புகளின் நோய்களும்

உடலின் எல்லா உறுப்புகளுக்கும் சென்று திரும்புவது இரத்தம். ஆகையால், ஓர் உறுப்பில் உண்டாகும் நோய் முதலில் இரத்தத்தில் புலப்படுவதும், இரத்தத்தில் உண்டாகும் கோளாறு வேறோர் உறுப்பின் நோயாக வெளிப்படுவதும் உண்டு. இவ்விரு வகைத் தொடர்பையும் அறிந்திருப்பது, நோயாளியை முதலில் காணும் களப்பணியாளர்க்கும், குழந்தைகளை நாள்தோறும் காணும் ஆசிரியர்க்கும் இன்றியமையாததாகும்.

இரத்தத்தின் செவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்தபின், மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிக்கப்படுகின்றன. இவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே பிராணவாயுவைச் சுமந்து செல்வது. உற்பத்தி குறைந்தாலும், அழிவு மிகுந்தாலும், இரத்தம் வெளியேறினாலும் சோகை ஏற்படும். எனவே சோகை என்பது ஒரு நோயின் பெயர் என்பதைவிட, எங்கோ ஒரு குறை இருப்பதை உணர்த்தும் அறிகுறி என்பதே பொருந்தும்.

குடலை முதலில் எடுத்துக்கொள்வோம். வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழு, சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு புழுவால் ஏற்படும் இழப்பு அற்பமே. ஆனால் நூற்றுக்கணக்கில் புழுக்கள் இருக்குமாயின், நாள்தோறும் இழக்கப்படும் இரும்புச் சத்து, உணவிலிருந்து உடல் ஏற்கும் 1 முதல் 2 மில்லிகிராம் அளவையும் விஞ்சிவிடும். இத்தகையோர்க்கு இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். வயது முதிர்ந்தவரிடம் காரணமின்றிச் சோகை காணப்பட்டால், இரைப்பைப் புண்ணோ குடற் புற்றுநோயோ மறைந்திருக்கலாம். அங்கே மாத்திரையால் முகம் சிறிது தெளிவடைவதே, உண்மையான நோயைக் கண்டறிவதற்குத் தடையாகிவிடக்கூடும்.

இரைப்பைக்கும் இரத்தத்திற்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. வைட்டமின் பி12 உடலில் சேர வேண்டுமாயின், இரைப்பை சுரக்கும் ஒரு புரதப் பொருளின் துணை தேவை. அது சுரக்காதபோது செவ்வணுக்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைகின்றன, நரம்புகளும் கெடுகின்றன. பாதங்களில் மரமரப்பும், நடையில் தள்ளாட்டமும் தோன்றும். இதே போன்ற பருத்த அணுச் சோகை ஃபோலிக் அமிலக் குறைவாலும் வரும். பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களிடம் இதனை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட்டுச் சாறு இதனைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். ஆயினும், பி12 குறைவுள்ளவர்க்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தரப்படுமாயின், இரத்தம் சீரடையக்கூடும்; நரம்புக் கேடோ தொடர்ந்து முற்றும். இரத்தம் தேறியதனால் நோயாளி தேறிவிட்டார் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

சிறுநீரகத்தின் பணி கழிவை நீக்குவதோடு முடிவதில்லை. செவ்வணுக்களை உற்பத்தி செய்யுமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பதும் அதுவே. நீடித்த சிறுநீரக நோய் உள்ளவர்கள் வெளிறிக் காணப்படுவதன் முக்கிய காரணம் இதுதான். நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒருவரிடம் சோகை தென்பட்டால் சிறுநீரகத்தைச் சோதிப்பது நலம்.

இனி, இரத்தக் கோளாறே பிற உறுப்புகளைத் தாக்கும் நிலையைக் காண்போம். அரிவாள் அணுச் சோகை இதற்குச் சிறந்த உதாரணம். இது தொற்றுநோயன்று, பெற்றோரிடமிருந்து வருவது. தாய், தந்தை இருவரும் இப்பண்பைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு கருவிலும் நோய் அமைவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இந்தியாவில் இது முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. மத்திய இந்தியப் பழங்குடி மக்களிடமும் பரவலாகக் காணப்படும் இந்நோயை 2047ஆம் ஆண்டிற்குள் அகற்றும் நோக்கத்துடன் 2023இல் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பெற்றது.

இந்நோயில் செவ்வணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்ணிய நாளங்களை அடைக்கின்றன. எலும்பில் அடைப்பு ஏற்பட்டால் கடும் வலி. நுரையீரலில் ஏற்பட்டால் மார்பு வலியும் மூச்சுத் திணறலும். மூளையில் ஏற்பட்டால், குழந்தைப் பருவத்திலேயே பக்கவாதம். மண்ணீரல் செயலிழப்பதால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது. சிறுநீரகம் நீரைத் தேக்கும் திறனை இழப்பதால், சிறுநீர் அடிக்கடி கழிகிறது.

வகுப்பில் அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்கும் மாணவனையும், கைகால் வலியென்று பலநாள் வராதிருக்கும் மாணவியையும் சோம்பேறிகள் என்று கருதித் தண்டிக்கும் ஆசிரியர், இதனைச் சிந்தித்தல் வேண்டும். வேண்டியபோது தண்ணீர் அருந்தவும், வெளியே செல்லவும் இக்குழந்தைகளை அனுமதிக்க வேண்டும். கடுங்குளிரும், நீர் அருந்தாமல் வெயிலில் ஓடியாடுவதும் வலியைத் தூண்டும். காய்ச்சல் கண்டாலும், மூச்சுத் திணறினாலும், கைகாலோ பேச்சோ திடீரெனத் தளர்ந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் அவசியம்.

பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளும், குடற்புழு நீக்க மாத்திரைகளும் மிகுந்த பயன் தருவன. அவற்றைத் தவறாது வழங்குதல் வேண்டும். ஆனால் மாத்திரை உண்டும் வெளிறல் நீங்காதவர், கண் மஞ்சளிப்பவர், கைகால் மரத்தவர், கருநிற மலம் கழிப்பவர், காலும் முகமும் வீங்கியவர் ஆகியோரை மீண்டும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வெளிறிய முகத்தைக் கண்டவுடன் 'இரத்தம் குறைவு' என்று சொல்வதோடு நில்லாது, 'ஏன் குறைந்தது?' என்று கேட்பதே நோயாளிக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.